நிலத்தடியில் ஓர் ஊர்

(நம் பங்கின் பொன்விழா ஆண்டில் இளைஞர் மன்றக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



சென்ற ஞாயிறு மாலை நம் பங்கு மண்டபத்தில் இளைஞர்கள் ஒரு விவரணப் படத்தைத் திரையிட்டார்கள். ஆவணப்படம் என்று சொல்லுங்கள் சாமி என அவர்கள் நம்மைத் திருத்துகிறார்கள். பெயர் எதுவாயினும் சரி. கறுப்பு வெள்ளைப் படம், ஆங்கிலப் பேச்சு, பாட்டில்லை, சண்டையில்லை. பாதியிலேயே பெஞ்சுகள் காலியாகிவிடும் என்றுதான் நாம் நினைத்தோம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. படம் முடிந்த பிறகோ மண்டப வாசலில் ஒரு பெரிய வாக்குவாதம் எழுந்தது. "இவர்களெல்லாம் உழைக்கச் சோம்பிப் போதைக்கு அடிமையானவர்கள். இவர்களுக்கு என்ன பரிதாபம்?" என்றார் ஒரு பெரியவர். "உலகத்திலேயே பணக்கார நாடாயிற்றே, அங்கே எப்படி இப்படி?" என்று கேட்டார் ஓர் ஆசிரியை. "வீடு கொடுத்தால் மட்டும் திருந்தி விடுவார்களா?" என்றான் ஓர் இளைஞன். மூன்றும் நல்ல கேள்விகளே. அவற்றுக்கு வாசற்படியில் நின்று பதில் சொல்லி முடிக்க இயலாது என்பதால்தான் இன்று இந்தக் கூட்டம்.

படத்தின் பெயர் "டார்க் டேஸ்". இருண்ட நாட்கள் என்று பொருள். எடுத்தவர் மார்க் சிங்கர் என்னும் ஆங்கிலேயர். இலண்டனிலிருந்து இளவயதில் நியூயார்க் நகரம் சென்றவர். விளம்பரங்களுக்கு மாடலாக நின்று பிழைத்தவர். அதற்கு முன் அவர் ஒரு படமும் எடுத்ததில்லை. நகரத்தின் அடியில் ரயில் சுரங்கத்தில் மக்கள் குடியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனார். போனவர் அங்கேயே தங்கிப் பழகினார். "எங்களைப் பற்றி யாராவது ஒரு படம் எடுத்தால், அதில் வரும் பணத்தைக் கொண்டு நாங்கள் இங்கிருந்து வெளியேறலாமே" என்ற எண்ணம் அந்தக் குடியிருப்பாளர்கள் நடுவிலேயே பிறந்தது. ஆகவே படப்பிடிப்புக் குழுவும் அவர்களே ஆனார்கள். விளக்குப் பிடித்தவர்கள், ஒலி பதிந்தவர்கள், காமிராவைத் தண்டவாளத்தின் மேல் தள்ளு வண்டி வைத்து உருட்டியவர்கள் எல்லாரும் அந்தச் சுரங்கத்து மக்கள்தாம். 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்தார்கள். கைப்பணம் கரைந்தது, கடன் ஏறியது. இயக்குநரும் ஒரு காலத்தில் வீடற்றவராகவே வாழ்ந்தார். எடுத்து முடித்தது 1990களின் நடுப்பகுதியில். வெளிவந்ததோ 2000ஆம் ஆண்டில். அவ்வாண்டு சண்டான்ஸ் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது, ஒளிப்பதிவு விருது, கருத்துச் சுதந்திர விருது என மூன்று விருதுகள் கிடைத்தன. படம் பிடிக்கத் தெரியாதவர் எடுத்த படத்துக்கு ஒளிப்பதிவு விருது! இருட்டில் வாழ்ந்தவர்கள் பிடித்த விளக்கு அல்லவா, வெளிச்சத்தின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இனி அந்தச் சுரங்கத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதை அறியாமல் அந்த மக்களை அறிய முடியாது.

நியூயார்க் நகரின் நடுநாயகமான மன்ஹாட்டன் ஒரு தீவு. அதன் மேற்குக் கரையைத் தொட்டு ஹட்சன் ஆறு ஓடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே அந்தக் கரையோரமாக இருப்புப்பாதை போட்டுவிட்டார்கள். பிறகு மேட்டின் மேல் ரிவர்சைடு பூங்கா எழுந்தது. பணக்காரர்களின் அழகிய மாளிகைகள் எழுந்தன. கீழே சரக்கு வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஆடு மாடுகளை அடைத்து வரும் வண்டிகளின் நாற்றமும் புகையும் மாளிகைகளின் சன்னல் வழியே புகுந்தன. 1930களில் ராபர்ட் மோசஸ் என்பவர் நகரின் பூங்கா ஆணையரானார். பாலங்களும் நெடுஞ்சாலைகளும் கட்டிக் குவித்த மனிதர்; தாம் நினைத்ததைச் செய்து முடிக்காமல் விடாதவர். அவர் அந்த இருப்புப்பாதைக்கு ஒரு மூடி போட்டார். தண்டவாளத்தின் மேல் கான்கிரீட் கூரை, கூரைக்கு மேல் மண், மண்ணுக்கு மேல் புல்வெளி, விளையாட்டுத் திடல்கள். 72ஆவது தெருவிலிருந்து 120க்கு மேற்பட்ட தெருக்கள் வரை, சுமார் 4 கிலோமீட்டர் நீளம். இப்படித்தான் அந்தச் சுரங்கம் உண்டாயிற்று. மலையைக் குடைந்ததன்று, நாற்றத்தை மறைக்கப் போர்த்திய போர்வை.

அந்தப் போர்வையைப் போர்த்துமுன் இன்னொன்றும் நடந்தது. அது பெருமந்த காலம். நாடு முழுவதும் வேலையின்றி மக்கள் வாடிய காலம். முதல் உலகப் போரில் போரிட்டுத் திரும்பிய படைவீரர்கள் சிலர், வேலையும் வீடும் இல்லாமல், இதே ஆற்றங்கரையில் தகரத்தையும் பலகையையும் கொண்டு குடிசைகள் போட்டு, தமக்குள் ஒழுங்குமுறை வகுத்து வாழ்ந்து வந்தார்கள். 1934இல் பூங்கா வேலைக்காக அவர்களை அப்புறப்படுத்தினார்கள். அறுபது ஆண்டு கழித்து, ஏறத்தாழ அதே இடத்துக்கு அடியில், மறுபடியும் குடிசைகள், மறுபடியும் அப்புறப்படுத்தும் ஆணை. இந்த ஒற்றுமையைப் படம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்பது நம் கருத்து.

காலப்போக்கில் சரக்கெல்லாம் லாரிக்குப் போய்விட்டது. 1980களின் தொடக்கத்தில் அந்தத் தடத்தில் வண்டிகள் நின்றுபோயின. ஆளில்லாத சுரங்கம், மழை படாது, பனி படாது, காற்று அடிக்காது. வீடற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக அங்கே இறங்கினார்கள். பூங்காவின் தரையில் காற்றோட்டத்துக்காகப் பதித்த இரும்புக் கம்பி வழியே, கோயிலின் உயர்ந்த சன்னலிலிருந்து விழுவதுபோல வெயில் கீற்றுகள் உள்ளே விழும். அந்த வெளிச்சம் விழும் சுவர்களில் கிறிஸ் பேப் என்ற ஓவியர் பல ஆண்டுகள் சித்திரம் தீட்டினார். தம் ஓவியங்களில் "ஃப்ரீடம்", அதாவது சுதந்திரம், என்று கையெழுத்திடுவார். அதனாலேயே அதற்குச் சுதந்திரச் சுரங்கம் என்ற பெயர் நிலைத்தது. ஸ்பெயின் நாட்டு கோயா வரைந்த "மே மூன்றாம் நாள்" என்னும் ஓவியத்தை அவர் அந்தச் சுவரில் பெரிதாக எழுதினார். கை விரித்து நிற்கும் ஏழைகளைப் படைவீரர்கள் வரிசையாக நின்று சுடும் காட்சி அது. அதைத் தினமும் பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் ஏழைகள்.

பிறகு 1991 ஏப்ரலில் ஆம்ட்ராக் என்ற பயணி ரயில் நிறுவனம் அந்தத் தடத்தைச் சீர்செய்து வண்டி விடத் தொடங்கியது. குடிசைகளுக்குச் சில அடி தூரத்தில் விரைவு வண்டிகள்! படத்தில் வண்டி கடக்கும்போதெல்லாம் நம் மண்டபத்துப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அந்த மக்களோ திரும்பியும் பார்க்கவில்லை.

அவர்கள் வாழ்ந்த விதத்தை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள். ஆகவே சுருக்கமாகச் சொல்வோம். ஒட்டுப் பலகையும் அட்டையும் கொண்டு கட்டிய அறைகள். சுரங்கத்து மின்கம்பியிலிருந்து இழுத்த விளக்கு, மின் அடுப்பு. குழாய் ஒழுகும் இடத்தில் குளியல். நியூயார்க்கின் குளிரில் பச்சைத் தண்ணீர்க் குளியல் என்றால் எண்ணிப் பாருங்கள். எலிகளோ கணக்கில்லை. கதவுக்குப் பூட்டுப் போடுகிறார்கள், ஏனெனில் திருட்டும் உண்டு. நாய் வளர்க்கிறார்கள். முகம் மழிக்கிறார்கள், முடி வெட்டிக்கொள்கிறார்கள், அடுப்பை எப்படித் துடைப்பது என்று சண்டை போடுகிறார்கள்.

பகலில் மேலே ஏறிப்போய் வேலை செய்கிறார்கள். ஆம், வேலை என்றே சொல்கிறோம். நியூயார்க் மாநிலத்தில் 1983 முதல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டப்படி, குளிர்பானத் தகர டப்பா ஒன்றைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 5 சென்ட் கிடைக்கும். நூறு டப்பா பொறுக்கினால் 5 டாலர். விடியுமுன் எழுந்து, தெருத்தெருவாகக் குப்பைப் பைகளை அவிழ்த்து, பொறுக்கி, மறுபடி முடிந்து வைத்து, மூட்டையைச் சுமந்து, கடைக்காரன் முகம் சுளிக்க வரிசையில் நின்று வாங்கும் 5 டாலர். சோம்பேறிகள் என்று சொன்ன நம் பெரியவரிடம் ஒன்று மட்டும் கேட்கிறோம். ஒரு வாரம் இந்த வேலையைச் செய்ய நம்மில் எத்தனை பேருக்கு உடல் வளையும்?

ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. போதை அங்கே இருந்தது. கிராக் என்ற போதைப்பொருள் 1980களின் நடுவில் நியூயார்க்கைப் பிடித்துக்கொண்டது. மலிவானது, புகையாக இழுப்பது, சில நிமிடங்களே மயக்கம் தருவது, உடனே மறுபடி தேட வைப்பது. படம் இதை மறைக்கவில்லை. காமிராவின் முன்னாலேயே புகைக்கிறார்கள். கிராக்கை விட்டுவிட்ட ஒருவர், குடிசை எரிக்கப்பட்டு நின்ற ஒரு பெண்ணுக்குத் தம் அறையில் இடம் கொடுக்கிறார். அந்தப் பெண்ணோ இன்னும் அதை விடவில்லை. அதனால் இருவருக்கும் ஓயாத வாக்குவாதம். அந்தப் பெண் தம் பிள்ளைகளைத் தீயில் பறிகொடுத்தவர். அதைச் சொல்லும்போது குரலை உயர்த்தாமல், வேறு யாரோ ஒருத்தியின் கதையைப்போலச் சொல்கிறார். மண்டபத்தில் அந்த நேரம் இருந்த நிசப்தத்தை நீங்களே அறிவீர்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பல ஆண்டு அமர்ந்தவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: பெருந்துயரத்தை மனிதர் அப்படித்தான் சொல்வார்கள். போதையால் வீடு இழந்தவர் உண்டு. வீடும் மக்களும் இழந்தபின் போதையில் விழுந்தவரும் உண்டு. வெளியே நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

இப்போது ஆசிரியை அவர்களின் கேள்விக்கு வருவோம். பணக்கார நாட்டில் எப்படி இப்படி?

முன்பு நியூயார்க்கில் ஏழைத் தனியாட்களுக்கென்றே ஒற்றை அறை விடுதிகள் ஏராளமாக இருந்தன. ஒரு கட்டில், ஒரு மேசை, தாழ்வாரக் கோடியில் பொதுக் குளியலறை; வாடகை மிகக் குறைவு. அழகான வாழ்க்கை அன்று. எனினும் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கலாம். இத்தகைய விடுதிகளைப் புதிதாகக் கட்டுவதை 1950களிலேயே நகர நிர்வாகம் நிறுத்தியது. பிறகு 1970களில், இருந்தவற்றையும் இடித்து உயர்தர வீடுகளாக மாற்றுவோருக்கு வரிச்சலுகை கொடுத்தது. விடுதிகள் ஆயிரமாயிரமாக மறைந்தன. அதே காலத்தில் இன்னொரு கதவும் திறந்தது. 1955இல் நியூயார்க் மாநில மனநல மருத்துவமனைகளில் சுமார் 93,000 பேர் இருந்தார்கள். புதிய மருந்துகள் வந்தன. பூட்டி வைப்பது கொடுமை என்ற நல்ல எண்ணமும் வந்தது. 1980களின் தொடக்கத்தில் அந்த எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. வெளியே அனுப்பியவர்களுக்கு ஊர்தோறும் சிகிச்சையும் தங்குமிடமும் தருவதாகச் சொன்னார்கள். சொன்ன அளவுக்குச் செய்யவில்லை. மருத்துவமனைக் கதவு திறந்தது, விடுதிக் கதவு மூடியது. நடுவில் தெரு.

1979இல் ராபர்ட் ஹேய்ஸ் என்ற இளம் வழக்கறிஞர் ஒரு வழக்குத் தொடுத்தார். ஏழைகளைப் பராமரிப்பது அரசின் பொறுப்பு என்று நியூயார்க் மாநில அரசியல் சட்டத்தில் 1938இல் சேர்த்த ஒரு பிரிவு இருக்கிறது. அதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அதைத் தூசி தட்டி எடுத்து நீதிமன்றத்தில் வைத்தார். தெருவில் வாழ்ந்த ராபர்ட் காலகன் என்பவர் பெயரில் வழக்கு நடந்தது. 1981 ஆகஸ்டில், தங்குமிடம் கேட்டு வருகிற வீடற்ற ஆண்களுக்கு இடம் தருவதாக நகரம் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது. 1983இல் அந்த உரிமை பெண்களுக்கும் கிடைத்தது. அந்தக் கையெழுத்தைப் பார்க்க காலகன் உயிரோடு இல்லை. அதற்கு முன்பே தெருவிலேயே இறந்து போயிருந்தார்.

அப்படியானால் சுரங்கத்து மக்கள் ஏன் அந்தத் தங்குமிடங்களுக்குப் போகவில்லை? வாசலில் இதையும் யாரோ கேட்டார்கள். அவர்களில் பலர் போய்ப் பார்த்தவர்கள்தாம். இராணுவப் பயிற்சிக்கூடங்கள் போன்ற பெருங்கூடங்களில் நூற்றுக்கணக்கான கட்டில்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். இரவெல்லாம் விளக்கு எரியும். திருட்டு, அடிதடி, காசநோய். காலணியைக் கட்டில் காலுக்கு அடியில் வைத்துப் படுத்தால்தான் காலையில் இருக்கும். நாய்க்கு இடமில்லை, கணவனும் மனைவியும் சேர்ந்திருக்க இடமில்லை. சுரங்கத்திலோ ஒரு பலகைக் கதவும் அதற்கொரு பூட்டும் இருந்தன. பூட்டு இருந்தால் அது வீடு. இதைக் காட்டியதுதான் இந்தப் படத்தின் பெரிய தொண்டு என்று நாம் கருதுகிறோம். குகையில் ஒளிந்த விநோத மனிதர்களை அது காட்டவில்லை. குடித்தனம் நடத்தியவர்களைக் காட்டியது.

இந்த இடத்தில் நம் திருச்சபையின் பிள்ளைகள் சிலரையும் நினைக்க வேண்டும். டாரதி டே அம்மையார் 1933 மே முதல் நாள் நியூயார்க்கில் "கத்தோலிக்கத் தொழிலாளி" என்ற பத்திரிகையை ஒரு சென்ட் விலையில் விற்கத் தொடங்கினார். பத்திரிகையோடு விருந்தோம்பும் இல்லங்களும் தோன்றின. வருகிறவர் குடிகாரரா, நல்லவரா, நன்றி சொல்பவரா என்று அங்கே விசாரணை கிடையாது. சூப் உண்டு, ரொட்டி உண்டு, இருந்தால் கட்டிலும் உண்டு. அம்மையாருக்குத் தனி மாளிகை ஏதுமில்லை. 1980 நவம்பரில் அதே ஏழைப் பெண்களின் இல்லத்திலேயே உயிர் நீத்தார். அவருக்குப் புனிதர் பட்டம் அளிப்பதற்கான பணி 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. அம்மையாரே அதை விரும்பியிருப்பாரா என்பது வேறு விஷயம்.

31ஆவது தெருவில் அசிசி நகர் புனித பிரான்சிஸ்கு ஆலயம் உள்ளது. பெருமந்த காலத்தில், 1930 முதல், பிரான்சிஸ்கன் துறவியர் அங்கே பசித்தவர்களுக்கு ரொட்டி வழங்கி வருகிறார்கள். நம் சுரங்கத்தின் வழியே வரும் வண்டிகள் போய் நிற்கும் பென் நிலையம் அதற்குக் கூப்பிடு தூரம். ரொட்டி வாங்க வந்தவர்களில் மனநோயாளர் பெருகுவதைக் கண்ட மூன்று துறவியர் 1980இல் ஒரு பழைய விடுதியை வாங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் தனி அறை, தனிச் சாவி. அதே கட்டடத்தில் மருத்துவமும் உணவும். "முதலில் குணமாகி வா, பிறகு அறை தருகிறோம்" என்று அவர்கள் சொல்லவில்லை. அறையைக் கொடுத்துவிட்டுக் குணமாக்கத் தொடங்கினார்கள். இந்த வரிசைமுறையை மனத்தில் வையுங்கள். இளைஞனின் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது.

சுரங்கத்தில் என்ன நடந்தது? ரயில் நிறுவனத்தார் ஆயுதம் தாங்கிய காவலரோடு வந்து, வெளியேற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன காரணம் பொய்யன்று. தண்டவாளத்தின் அருகே குடியிருப்பது உயிருக்கு ஆபத்துதான். ஆனால் வெளியேறி எங்கே போவது? இயக்குநர் ஓடிப்போய் வீடற்றோருக்கான கூட்டமைப்பைப் பிடித்தார். ஹேய்ஸ் தொடங்கிய அமைப்பு அது. அவர்கள் ரயில் நிறுவனத்தோடும் மத்திய அரசின் வீட்டுவசதித் துறையோடும் பேசி, இந்த மக்களுக்கு வாடகை உதவிச் சீட்டுகள் பெற்றுத் தந்தார்கள். அந்தச் சீட்டு உள்ளவர் தம் வருமானத்தில் ஏறக்குறைய முப்பது விழுக்காட்டை வாடகையாகக் கொடுத்தால் போதும். மீதியை அரசு வீட்டுக்காரருக்குக் கொடுக்கும். கேட்பதற்கு எளிது. ஆனால் பிறந்த சான்றிதழ், அடையாள அட்டை என்று காகிதங்கள் வேண்டும். முகவரியே இல்லாதவனிடம் முகவரிச் சான்று கேட்கும் உலகம் இது! ஒரு ஞானஸ்நானச் சான்றிதழுக்காக நம் பங்கு அலுவலகத்தில் வந்து நிற்பவர்களின் முகத்தைப் பார்த்த நமக்கு, அந்த மக்கள் எத்தனை வாசல்களில் நின்றிருப்பார்கள் என்று ஊகிக்க முடிகிறது.

பிறகு வந்த காட்சியைத்தான் நம் பிள்ளைகள் கைதட்டிப் பார்த்தார்கள். தாங்கள் கட்டிய குடிசைகளைத் தாங்களே சம்மட்டி கொண்டு இடிக்கிறார்கள். எவ்வளவு மகிழ்ச்சி! பின்பு புது வீட்டில் வெயில் விழும் சன்னல் ஓரம் நிற்கிறார்கள், சமைக்கிறார்கள், திரும்பிப் பார்த்து, அங்கே எப்படித்தான் இருந்தோமோ என்று வியக்கிறார்கள். சிலர் அழுதார்கள். மண்டபத்திலும் சிலர் அழுதார்கள்.

வீடு கொடுத்தால் திருந்தி விடுவார்களா என்ற இளைஞனுக்கு, படத்தை மட்டும் வைத்துப் பதில் சொன்னால் அது முறையாகாது. படம் அந்தச் சன்னலோடு முடிந்து விடுகிறது. மறுநாள் என்ன ஆயிற்று என்று அது காட்டவில்லை. பழைய நோயும் பழைய பழக்கமும் வீட்டுச் சாமானோடு கூடவே வந்திருக்கும். ஆகவே வேறு ஆதாரம் தேடுவோம். 1992இல் அதே நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். மனநோயும் பலருக்குப் போதைப் பழக்கமும் உள்ள, தெருவில் வாழ்ந்த மக்களுக்கு நேரடியாக வாடகை வீடு. குடியை விடு, மருந்து சாப்பிடு, பிறகு வீடு என்ற நிபந்தனை இல்லை. வீட்டுக்கு வந்தபின் மருத்துவரும் உதவியாளரும் தேடி வருவார்கள். அப்படிச் செய்தால் வீட்டையே விற்றுக் குடித்துவிடுவான் என்று பலர் சிரித்தார்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தத் திட்டத்தில் வீடு பெற்றவர்களில் 88 விழுக்காட்டினர் வீட்டிலேயே இருந்தார்கள் என்று தெரிந்தது. படிப்படியாகத் தகுதி பெற்று வீட்டுக்கு வர வேண்டும் என்ற நகரின் வழக்கமான முறையில் இருந்தவர்களில் 47 விழுக்காட்டினரே நிலைத்தார்கள். எல்லாரும் போதையை விட்டுவிட்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. அந்தக் கணக்கும் அதைச் சொல்லவில்லை. ஆனால் தெருவுக்குத் திரும்பவில்லை. தெருவில் கிடப்பவனை நல்லவனாக்குவது கடினம். கட்டிலில் படுத்திருப்பவனோடு பேசவாவது முடியும்.

இதைக் கேட்டதும் நம் புனித வின்சென்ட் தே பவுல் சபையாரில் ஒருவர் புன்னகைக்கிறார். ஏனென்று நமக்குத் தெரியும்: யாருக்கு உதவலாம், யாருக்குக் கூடாது என்று அவர்கள் கூட்டத்தில் நடக்கும் விவாதம் இதேதான். அதை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும். நம் கருத்து எந்தப் பக்கம் என்று இப்போது தெரிந்துவிட்டது.

இன்னும் ஒன்று. சுரங்கத்து மக்களை அமெரிக்கப் பத்திரிகைகள் "அகழெலி மனிதர்" என்று அழைத்தன. 1993இல் அதே பெயரில் ஜெனிஃபர் டாத் என்பவரின் நூலொன்றும் வெளிவந்து பரபரப்பாக விற்றது. பாதாளத்தில் ஏழடுக்கு, அரசன், படை என்பன போன்ற கதைகளுக்கு அது இடம் கொடுத்தது. அதில் சொல்லிய சில இடங்கள் இருக்கவே முடியாது என்று நியூயார்க் ரயில் தடங்களை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்கள் பின்னர் எடுத்துக் காட்டினார்கள். பரிதாபத்தைத் தூண்டுவதற்காகக்கூட ஏழையைப் பற்றி மிகைப்படுத்தலாகாது. மிகைப்படுத்தினால் அவன் நமக்கு அயலான் ஆகாமல் விசித்திரப் பிராணி ஆகிவிடுகிறான். பிராணிக்கு யார் வாடகை வீடு கொடுப்பார்கள்? மார்கரெட் மார்ட்டன் என்ற புகைப்படக் கலைஞர் 1995இல் இதே சுரங்கத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் அந்த மக்களைத் தம் வீட்டு வாசலில் நிற்பவர்களாகவே படம் பிடித்தார், அதுவே முறை.

இந்தக் கதை நியூயார்க்கோடு முடிவதுமில்லை. ருமேனியா நாட்டின் தலைநகர் புகாரெஸ்டில் நிலத்தடி ரயில் நிலையத்தில் வாழ்ந்த ஐந்து சிறுவர் சிறுமியரைப் பற்றி எடெட் பெல்ஸ்பெர்க் என்ற பெண்மணி எடுத்த "சில்ட்ரன் அண்டர்கிரவுண்ட்" என்ற படம் 2001இல் வெளிவந்தது. சௌசெஸ்கு ஆட்சியின் கொள்கைகளும், அது வீழ்ந்தபின் வந்த வறுமையும் சேர்ந்து தெருவுக்குத் தள்ளிய பிள்ளைகள் அவர்கள். எட்டு வயதுச் சிறுவன் பெயிண்ட்டைப் பையில் ஊற்றி முகர்ந்து மயங்கிக் கிடக்கிறான். அந்தப் படத்தின் முடிவில் வெயில் விழும் சன்னல் இல்லை.

அதையும் திரையிட வேண்டும் என்று இளைஞர் மன்றத்தார் கேட்கிறார்கள். நாம் தடை சொல்லவில்லை. ஆனால் நற்கருணைக்குத் தயார் செய்யும் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது ஏற்றதன்று. அவர்களை வீட்டில் விட்டு வாருங்கள். பெற்றோர்கள் அவசியம் வாருங்கள். அந்த ஞாயிறு மாலைச் செபமாலையை அரைமணி நேரம் முன்னதாக வைத்துக்கொள்வோம். இப்போது கேள்வி உள்ளவர்கள் கேட்கலாம். பெரியவர் முதலில் கேட்கட்டும். அவருடைய கேள்விதானே இத்தனை பேச்சுக்கும் காரணம்.